இலவச வலிப்பு மாத்திரையை நம்பலாமா?

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தங்கைக்கு 19 வயது. 14 வயதில் வலிப்பு தொடங்கியது. தனியார் டாக்டர் லெவெடிராசெட்டம் எழுதிக் கொடுத்தார், மாதம் ஆயிரம் ரூபாய் வரை ஆனது. ஒரு வருடம் வலிப்பே வரவில்லை. அப்பாவுக்குக் கூலி வேலை, குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டோம். அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டது, ஒரு தடவை அடுப்புப் பக்கத்தில். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கார்பமசெபைன் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் தொடங்கவில்லை. நம்பிப் போடலாமா? எத்தனை நாள் போட வேண்டும்? மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லலாமா?"

தம்பி, மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள். இலவசம் என்பதால் சொல்லவில்லை. கார்பமசெபைன் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் நல்ல மருந்து, விலை குறைந்ததால் மட்டமாகிவிடாது. ஆனால் போகும் முன் தங்கையிடம் ஒன்று கேளுங்கள். காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை திடீரென்று வெட்டி இழுக்குமா? பல் தேய்க்கும்போது பிரஷ் தெறித்து விழுந்திருக்கிறதா, காபி டம்ளர் கை நழுவியிருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இதை "கவனமில்லாத பொண்ணு" என்று திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், டாக்டரிடம் சொல்வதே இல்லை. பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் அடையாளம் அது. அந்த வகைக்குக் கார்பமசெபைனும், பினிடாய்ன் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் வெட்டலை அதிகமாக்கிவிடலாம், லெவெடிராசெட்டம் பொருந்தும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். அங்கே அது இல்லை என்றால், பிராண்டு பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லி மக்கள் மருந்தகத்தில் கேளுங்கள், பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கலாம். அப்படி எதுவும் இல்லை, டாக்டரும் கார்பமசெபைனே சரி என்கிறார் என்றால், அன்றைக்கே தொடங்குங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகவே எடுத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதம் விட்டுப்போன பிறகு எந்த அளவில் ஆரம்பிப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். புது மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் என்று எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததுதான் ஏழை நாடுகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, அவர்களில் 80 சதவீதத்துக்குப் பக்கம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான். சரியான மருந்து தொடர்ந்து கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் இருக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1912-லிருந்து புழக்கத்தில் இருக்கும் பீனோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்து இன்றும் வேலை செய்கிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: மருந்து இருக்கிறது, விலையும் குறைவு, ஆனாலும் இருபத்தெட்டாம் நாள் மாத்திரை தீர்ந்து, பஸ்ஸுக்குக் காசில்லாமலோ அன்றைக்குக் கூலி போய்விடும் என்றோ நாலு நாள் தள்ளிப்போகிறது, அந்த நாலு நாளில் பிள்ளை அடுப்பிலோ கிணற்றிலோ விழுந்துவிடுகிறது. அதனால் ஒரு பழக்கம் வையுங்கள். அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த மாத்திரை வாங்கப் போய்விடுங்கள். தொடர்ந்து சரியாக வந்தால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்றும் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

எத்தனை நாள் என்றால், குறைந்தது இரண்டு வருடம் ஒரு வலிப்புகூட வராமல் இருந்தால்தான் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே செய்வோம், அதையும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான். காலையில் கை வெட்டும் வகை என்றால் இன்னும் நீண்ட காலம் வேண்டியிருக்கும். ஒரு வருடம் வரவில்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், நீங்கள் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள், பாவம், எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். திருவிழாவுக்கு இரவு முழுக்கக் கண்விழிப்பதும் தவிர்க்க வேண்டியது, தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம்.

மறுபடி வந்தால் சாவிக்கொத்து தேடி ஓடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அதுவாகவே நின்றுவிடும், பேர் இரும்புக்குப் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கூட ஒருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். வலிப்பை நேரில் பார்க்கும் வாய்ப்பு டாக்டருக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை, பல நேரம் மூளை அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை சொல்லாததை அந்த ஒரு நிமிட வீடியோ சொல்லிவிடும்.

கல்யாண விஷயம். சொல்லிவிடுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்கள் புகுந்த வீட்டில் மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்து வைத்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து ஒரு வேளை விட்டு, அப்புறம் மொத்தமாக விட்டு, வலிப்போடு என்னிடம் வந்திருக்கிறார்கள். சட்டமும் தங்கை பக்கம்தான் இருக்கிறது: இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாம், வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலானோர் நல்லபடியாகவே பெற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது, யாராவது அதை எழுதினால் "கல்யாணம் பேசுகிறோம், டாக்டர், வேறு தர முடியுமா" என்று அங்கேயே கேளுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும். கார்பமசெபைன் போடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, இதைத் தங்கையிடம் அம்மாவோ, ஊருக்கு வரும் நர்ஸம்மாவோ சொன்னால் நல்லது.

நாளைக்குப் போகும்போது பழைய சீட்டு, காலியான அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தங்கையையும் பேச விடுங்கள்.