பூஸ்டர் பம்ப் தானாக ஓடுகிறது: புதிது வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் தனி வீட்டின் மொட்டை மாடித் தொட்டியை ஒட்டி, குழாய்களில் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டும், சிறிய பிரஷர் டேங்குடன் கூடிய அரை எச்.பி. பூஸ்டர் பம்ப் மூன்று ஆண்டுகளாக இயங்கி வருகிறது. சில மாதங்களாக, எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் நள்ளிரவிலும் அது சில விநாடிகள் ஓடி நிற்கிறது. குழாயைத் திறந்தாலோ தொடர்ந்து ஓடாமல் விட்டுவிட்டு ஓடுகிறது. பார்க்க வந்தவர் டேங்க், அழுத்தத்துக்கு ஏற்ப பம்ப்பை ஓட்டி நிறுத்தும் ஸ்விட்ச் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். அக்டோபரில் மகள் வீட்டுக்குச் சென்று ஐந்து மாதங்கள் தங்கவிருக்கிறோம். புதிது வாங்குவதா? வீட்டைப் பூட்டிச் செல்லும்போது பம்ப்பை எப்படி வைத்துவிட்டுப் போவது? (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுக்கும் காரணங்கள் வேறுவேறாக இருக்கலாம் என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். இதற்குத் தேவைப்படுபவை டயருக்குக் காற்று பார்க்கும் அளவி ஒன்றும், அரை நாள் பொறுமையும்தான்.

முதலில், குழாயைத் திறந்ததும் விட்டுவிட்டு ஓடுவது. பிரஷர் டேங்கினுள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீரும், பைக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே காற்றும் இருக்கும். இந்தக் காற்றுதான் தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருந்து, ஒரு குவளை தண்ணீர் பிடிப்பதற்கெல்லாம் மோட்டார் ஓடாமல் காக்கிறது. காற்று மெல்ல மெல்லக் கசிந்து குறைவது இயல்பு. அதைப் பார்க்க, மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் வால்வை மூடி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தம் முழுவதும் வடியும்வரை காத்திருங்கள். டேங்கில் காற்று அடிக்கும் இடத்திலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் வண்டி டயரில் இருப்பதைப் போன்ற வால்வு தெரியும். அளவி காட்டும் அழுத்தம், பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. (டயர் அளவி காட்டும் அழுத்த அலகு) குறைவாக இருக்க வேண்டும். அதாவது, 20-ல் தொடங்கி 40-ல் நிற்கும்படி வைக்கப்பட்ட ஸ்விட்ச்சுக்கு 18. குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப்பாலேயே அடித்துவிடலாம். தண்ணீரை வடிக்காமல் அளந்தால் அளவி தண்ணீரின் அழுத்தத்தையே காட்டும். பழுது பார்க்க வருவோரில் சிலர் இப்படி அளந்துவிட்டுத்தான் 'காற்று சரியாக இருக்கிறது, டேங்க்தான் போய்விட்டது' என்று முடிவு கட்டுகிறார்கள். வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது என்று பொருள். பல டேங்குகளில் பையை மட்டும் தனியாக மாற்ற முடியும் என்பதால், அப்போதும் டேங்கையே மாற்றச் சம்மதிக்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, இரவில் தானாக ஓடுவது. எங்கோ அழுத்தம் குறைகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. பிரஷர் டேங்கைத் தாண்டி வீட்டுக்குள் இறங்கும் குழாயில் உள்ள கேட் வால்வைப் படுக்கப் போகும்முன் மூடிவிடுங்கள். இரவு முழுவதும் பம்ப் ஓடவில்லை என்றால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அது கழிப்பறை ஃப்ளஷ் டேங்காகவே இருக்கும். அதில் சிறிது சமையல் நிறப்பொடியைக் கரைத்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், கோப்பையில் நிறம் இறங்குவது தெரிந்துவிடும். வால்வை மூடிய பிறகும் பம்ப் ஓடினால், பம்ப்பை ஒட்டியுள்ள, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு சரியாக அடையாமல் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. மணலோ உப்புப் படிவோ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், இல்லாவிட்டாலும் முழு செட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். ஸ்விட்ச்சை மாற்றுவதற்கு முன், மெயினை அணைத்துவிட்டு அதன் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் எறும்பும் பல்லியும் அதன் முனைகளுக்கிடையே புகுந்து கெடுப்பது, தேய்மானத்தால் கெடுவதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆகவே, இந்த இரண்டு சோதனைகளும் முடியும்வரை புதிது வாங்காதீர்கள். மோட்டார் சத்தமின்றி ஓடி, தண்டுப் பக்கம் சொட்டுச் சொட்டாக ஒழுகாமல் இருந்தால் மூன்று ஆண்டு பம்ப்பை மாற்றக் காரணமே இல்லை. ஒழுகினாலும் அது, தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்ததாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தள்ளிப்போட்டால் தண்ணீர் பேரிங்கை எட்டிவிடும்.

ஐந்து மாதப் பயணத்துக்கு வருவோம். நம்பகமான உறவினர் ஒருவர் இரு வாரத்துக்கு ஒரு முறை வந்து, குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மெயினை அணைத்துச் செல்வார் என்றால், பம்ப்பை அப்படியே விடுவதே நல்லது. ஓடும் தண்டு இறுகாது. ஆனால் ஆளில்லாத வீட்டில் பம்ப்புக்கு மின்சாரத்தை அணைக்காமல் விட்டுச் செல்லக் கூடாது. ஒரு இணைப்புக் குழாய் விட்டுப்போனால் தொட்டித் தண்ணீர் முழுவதையும் பம்ப் வீட்டுக்குள் இறைத்துவிடும்.

அப்படி ஆள் இல்லையென்றால் எம்.சி.பி.யை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) அணைத்து, தொட்டி வால்வை மூடி, குழாயைத் திறந்து அழுத்தத்தை வடித்து, பம்ப்பின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றித் தண்ணீரை முழுவதும் வெளியேற்றுங்கள். உறைபனியைத் தாங்கும் திரவம் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்டவை, நமக்கு வேண்டாம். இங்கே எதிரி, தேங்கிய உப்புத் தண்ணீர், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரையும் சீலையும் ஒட்டவைப்பதுதான். பம்ப்புக்குக் கூரை இல்லையென்றால், வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்பதால், யூனியனில் (குழாயைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்பில்) கழற்றி உள்ளே எடுத்துவிடுவதே மேல். ஒயர்கள் இணைந்திருந்த முறையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, வாய்களைத் துணியால் அடைத்து, தரையில் படாமல் பலகையின் மேல் நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் வியர்த்து மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்கைக் கெடுக்கும்.

திரும்பி வந்ததும் நேராக ஸ்விட்ச்சைப் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் இல்லாத நிலையில், பின்புற விசிறிப் பக்கம் தண்டைத் திருப்புளியால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஆளை அழையுங்கள். இறுகிய மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் சில நிமிடங்களில் வைண்டிங் கருகிவிடும். சுற்றினால் வடிகால் திருகை மாட்டி, தொட்டி வால்வைத் திறந்து, மேல் திருகைத் தளர்த்திக் காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் வழிந்த பிறகே ஓட்டுங்கள்.

கேள்வி: இரண்டு குளியலறைகள் உள்ள வீட்டுக்குக் கடைக்காரர் ஒரு எச்.பி. பூஸ்டர் பம்ப்பைக் கொடுத்தார். பத்தே நாளில் பம்ப் ஒழுகத் தொடங்கிவிட்டது. கழிப்பறை ஹோஸும் வெடித்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் உள்ளதாம். (வாசகி, மதுரை)

பதில்: ஒரு ஷவர் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் எடுக்கும். இரண்டு ஷவரும் ஒரு குழாயும் ஒன்றாகத் திறந்தாலும் அரை எச்.பி. பெரும்பாலும் போதும்; தேவைக்கு மேற்பட்ட பம்ப்பின் அழுத்தத்தை முதலில் தாங்காமல் போவது ஹோஸ்கள்தான். ஆனால் அளவு பெரிது என்பதை மட்டும் வைத்து மாற்றித் தரும்படி கேட்டால் வழக்கு பலவீனமாக இருக்கும். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது பம்ப் ஒழுகுவதை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில்லில் அச்சிட்ட அந்த வரி இதற்குப் பதிலாகாது. ஒழுகுவதை வீடியோ எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதுவரை பம்ப்பை வெளி ஆளிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள், வாரன்டி அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: தெருக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது. அதன் இணைப்பிலேயே பூஸ்டர் பம்ப்பை மாட்டலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கூடாது. அது சட்டவிரோதம், மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிப்பார்கள். அக்கம்பக்கத்தாரின் பங்கை உறிஞ்சுவதோடு, குழாயில் வெற்றழுத்தம் உண்டாகி, விரிசல்கள் வழியே சாக்கடை நீரும் உங்கள் வீட்டுக்கே வந்து சேரக்கூடும். தண்ணீர் தானாக வந்து தரைத்தொட்டியில் விழட்டும்; பம்ப் அங்கிருந்து எடுக்கட்டும்.