லினக்ஸுக்குத் தெரிகிற கடிகாரம் யூ-பூட்டுக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: எங்கள் போர்டில் ஐ2சி பஸ்ஸில் (சிப்களை இணைக்கும் இரு-ஒயர் தடம்) டிஎஸ்3231 ஆர்டிசி சிப், அதாவது நேரத்தைக் காத்து வைக்கும் கடிகாரச் சிப், இருக்கிறது. லினக்ஸ் வந்தபின் ஹெச்டபிள்யூகிளாக் கட்டளை நேரத்தைச் சரியாகப் படிக்கிறது. ஆனால் லினக்ஸுக்கு முன் ஓடி அதை ஏற்றும் பூட்லோடரான யூ-பூட்டில் ‘டேட்’ என்று அடித்தால், ஆர்டிசி கிடைக்கவில்லை, பிழை எண் -19 என்கிறது. போர்டின் வன்பொருளைப் பட்டியலிடும் டிவைஸ் ட்ரீயில் இந்தச் சிப்புக்கான நோடு (பதிவு) இருக்கிறது. சிப்பை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். லினக்ஸ் படிக்கிறது என்றாலே சிப், ஒயரிங், புல்-அப் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. -19 என்றால் ‘அப்படி ஒரு சாதனமே இல்லை’ என்று பொருள். பெரும்பாலும் யூ-பூட் அந்தச் சிப்பைத் தேடவே போகவில்லை.

நோடு இருக்கிறது என்கிறீர்கள், சரி. எந்த ட்ரீயில்? லினக்ஸ் கெர்னலுக்குப் போகும் டிடிபி (பில்டு செய்த டிவைஸ் ட்ரீ ஃபைல்) வேறு, யூ-பூட் தனக்கென வைத்திருக்கும் டிடிபி வேறு. பூட் பார்ட்டிஷனில் இருப்பதை எத்தனை முறை திருத்தினாலும், யூ-பூட் தன் சாதனங்களுக்காக அதைத் திறந்துகூடப் பார்க்காது. இதில் நானே அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். எஃப்டிடிகன்ட்ரோல்ஆடர் என்ற வேரியபிளில் உள்ள முகவரியை ‘எஃப்டிடி ஆடர்’ கட்டளைக்குக் கொடுத்து, அப்புறம் ‘எஃப்டிடி பிரிண்ட்’ போடுங்கள். யூ-பூட் உண்மையில் படிக்கும் ட்ரீ அதுதான். அதில் நோடு இல்லையென்றால் யூ-பூட் சோர்ஸில் சேர்த்து மறுபடி பில்டு செய்யுங்கள். தாய் நோடான ஐ2சி கன்ட்ரோலரின் ஸ்டேட்டஸ் ‘ஓகே’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது டிசேபிள் ஆகியிருந்தால் குழந்தைக்கும் வழியில்லை.

நோடு இருந்தும் -19 வருகிறதா? அப்படியானால் டிரைவர்தான். லினக்ஸில் டிஎஸ்1307 டிரைவர் ஒன்றே டிஎஸ்3231ஐயும் பார்த்துக்கொள்ளும். யூ-பூட்டில் இரண்டுக்கும் தனித்தனி டிரைவர். லினக்ஸ் பழக்கத்தில் கான்ஃபிக்கில் 1307ஐ மட்டும் ஆன் செய்துவிட்டு, ஏன் வரவில்லை என்று தலையைச் சொறிவோம். எந்தச் சிப் என்று சொல்லும், நோடின் கம்பாடிபிள் வரி, டிரைவர் ஃபைலில் உள்ள பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கான்ஃபிக்கில் டிரைவர் மாடல் (யூ-பூட் டிரைவர்களை நிர்வகிக்கும் முறை) ஆர்டிசி ஆப்ஷனும் ஆன் ஆகியிருக்கட்டும்.

புது பில்டில், யூ-பூட் அறிந்த சாதனங்களைப் பட்டியலிடும் ‘டிஎம் ட்ரீ’ அடித்தால் ஆர்டிசிக்கு ஒரு வரி வர வேண்டும். அந்த வரியில், சாதனம் எழுந்துவிட்டதைக் காட்டும் கூட்டல் குறி இல்லையே என்று யோசிக்காதீர்கள்; தேவைப்படும்போதுதான் யூ-பூட் சாதனத்தை எழுப்பும். ‘டேட்’ போட்டபின் பாருங்கள், குறி வந்திருக்கும்.

நேரம் சில மணி தள்ளிக் காட்டினாலும் கவலை வேண்டாம். லினக்ஸ் வழக்கமாக ஆர்டிசியில் உள்ளூர் நேரத்தை அல்ல, யுடிசி (உலகப் பொது) நேரத்தைத்தான் எழுதி வைக்கும். யூ-பூட் அதை அப்படியே காட்டுகிறது.