வாழைக்கன்று வாங்கப் போகிறீர்களா? மூன்று கேள்விகள்

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டின் பின்புறம் பன்னிரண்டுக்குப் பத்து அடி இடம் இருக்கிறது. போன வருடம் ஒரு நர்சரியில் "ஒட்டு செவ்வாழை, ஆறே மாதத்தில் தார் தள்ளும்" என்று சொல்லி 350 ரூபாய்க்கு ஒரு கன்று கொடுத்தார்கள். கன்றின் இலையில் சிவப்புத் திட்டுகூட இருந்தது. பதினோரு மாதம் கழித்து வெட்டிய தாரில் ஒரு பழம்கூட சிவக்கவில்லை, எல்லாம் மஞ்சள் பழம். நான் ஏமாந்துவிட்டேனா? பணம் கேட்க முடியுமா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன முதல் வார்த்தையே தவறு, ஏனென்றால் வாழையில் ஒட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. மாமரத்துக்கும் சப்போட்டாவுக்கும் ஒட்டுக் கட்டலாம். வாழையில் நாம் தண்டு என்று பார்ப்பது இலையின் அடிப்பட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றி அடுக்கி நிற்பதுதான், ஒட்டு பிடிப்பதற்கான திசு அதில் இல்லை. யாராவது "ஒட்டு வாழை" என்று சொன்னால் பர்ஸைத் திறக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இலையில் சிவப்புத் திட்டு என்றீர்களே, அதை வைத்துத்தான் பலரையும் நம்பவைக்கிறார்கள். ஜி9 என்கிற திசு வளர்ப்பு (ஆய்வகத்தில் வாழைத் திசுவிலிருந்து வளர்த்தெடுக்கும்) வாழையின் இளங்கன்றுகளில் இலை நடுவே கருஞ்சிவப்புத் திட்டுகள் வருவது சாதாரணம், கன்று வளர வளர அவை மறைந்துவிடும். செவ்வாழை என்றால் தண்டிலும் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் சிவப்பு ஓடும், அங்கே பார்க்க வேண்டும். அப்புறம் காலக் கணக்கு. செவ்வாழை தார் வெட்ட ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகும், ஜி9 பதினோரு பன்னிரண்டு மாதத்தில் வந்துவிடும். உங்கள் வீட்டில் வந்தது ஜி9 ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, பணம். கன்றின் ரகத்தை எழுதிக் கொடுத்த பில் இருக்கிறதா? அல்லது வாட்ஸப்பில் அவர்கள் அனுப்பிய விளம்பரம், "செவ்வாழை" என்று டைப் செய்த செய்தி? ஜிபே ரசீது பணம் போனதைத்தான் காட்டும், எதற்காகப் போனது என்று சொல்லாது. ஏதாவது ஒன்று இருந்தால் தார், பழம், மரம் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 350 ரூபாய்க்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் நீங்கள் கொடுத்தது 350 ரூபாய் மட்டுமா? ஒரு வருடத் தண்ணீர், எரு, அந்த இடம், தினமும் போய்ப் பார்த்த ஆசை, எல்லாமும்தான். வாழைக்கன்று விற்பவர் பொய் சொன்னால் அது தெரியவே ஒரு வருடம் ஆகிறது, அதனால்தான் இதை நான் சின்ன விஷயமாக விடச் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறைக்கு: உங்கள் இடத்துக்கு இரண்டு மரம் போதும், நடுவில் ஆறடி இடைவெளி, ஒன்றரை அடி ஆழக் குழி. ரஸ்தாளியின் ருசிக்கு ஈடில்லைதான், ஆனால் வாடல் நோய் அதைத் தேடி வரும், வந்தால் அந்த மண்ணிலேயே பல வருடம் தங்கிவிடும். நான் உங்களுக்குப் பூவனைச் சொல்வேன். வாடலைத் தாங்கும், பழம் கிடைக்கும் வரை இலையும், பின்னால் பூவும் தண்டும் சமையலுக்கு ஆகும். உயரம் வேண்டாம், காற்றுக்குச் சாயும் என்று பயந்தால் அதே ஜி9 நல்லதுதான், அதன் பெயரிலேயே, அதன் விலைக்கே வாங்குங்கள்.

கிழங்குக் கன்று என்றால் ஈட்டி இலைக் கன்றாகப் பாருங்கள்: இலை குறுகி ஈட்டி மாதிரி நிற்கும், அடிக்கிழங்கு பருத்து ஒன்றரை இரண்டு கிலோ இருக்கும். சின்னதிலேயே அகன்ற இலை விரித்துப் பார்க்க அழகாக நிற்பது நீர்க்கன்று, அதற்குக் கிழங்கில் பலம் கிடையாது, தார் சிறுத்துப் போகும். கிழங்கின் ஓரத்தைக் கடைக்காரரையே கத்தியால் சீவிக் காட்டச் சொல்லுங்கள், வெள்ளையாக இருக்க வேண்டும். துளையோ கருப்புக் கோடோ தெரிந்தால் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. திசு வளர்ப்புக் கன்று என்றால் ஓரடி உயரம், ஐந்தாறு இலை, வைரஸ் சோதனை செய்த ஆய்வகத்தின் லேபிள், மூன்றையும் கேளுங்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், கோவையின் வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் விசாரித்துவிட்டு, அக்கம்பக்கத்து நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் போக்குவரத்துச் செலவும் கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் "வாழை விதை, 50 எண்ணிக்கை, 199 ரூபாய்" என்று வருகிறது. நீல நிற வாழைப்பழப் படம் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லை, பழத்தின் நடுவில் தெரியும் சின்னக் கரும்புள்ளிகள் வளராமல் போன விதையின் மிச்சம். கிழங்கிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோதான் கன்று வரும். விதையுள்ள காட்டு வாழைகள் உண்டு, அவற்றின் பழத்தில் சதையைவிட விதைதான் அதிகம். வாங்கிவிட்டவர்கள் உடனே ரிட்டர்ன் போடுங்கள், படத்தையும் விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா வாழைக்கன்று சும்மா தருகிறேன் என்கிறார். காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

பதில்: தாய் மரத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அப்படி ஒரு கன்றை ஆசையாகக் கொண்டுவந்து நட்டேன், நாலாம் மாதம் இலைகள் எல்லாம் சிறுத்து உச்சியில் கொத்தாகக் குத்திட்டு நின்றன, இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிந்தன. முடிக்கொத்து நோய். அதற்கு மருந்து இல்லை. கன்று வழியாகவும், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி வழியாகவும் பரவும், சிறுமலை வாழையையே பெரும்பாலும் அழித்தது இதுதான். அக்காவின் மரம் தார் தள்ளியிருந்தால், இலை நீண்டு விரிந்திருந்தால், பக்கக் கன்றுகள் எல்லாம் ஒரே மாதிரி செழிப்பாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள், வேரையும் மண்ணையும் சுத்தமாகச் சீவிவிட்டு நடுங்கள். நோய் தெரிந்தால் முதலில் அசுவினி சாகும்படி வேப்பெண்ணெய்யும் சோப்பும் கலந்த கரைசலை இலையிடுக்கு நனையத் தெளித்துவிட்டு, அப்புறம் கிழங்கோடு தோண்டி எடுங்கள். வெறுமனே வெட்டிப் போட்டால் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும், மிச்சக் கிழங்கும் மறுபடி துளிர்க்கும். அக்காவிடமும் சொல்லிவிடுங்கள், அவர் வீட்டு மரமும் போக வேண்டியதுதான்.