வாய் வழியாகவும் குளுக்கோஸ் ஏறும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைநல மருத்துவர். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தை நன்றாகக் குடித்தாலும் உடனே குளுக்கோஸ் ஏற்றுவதே இங்கே வழக்கம். ஓ.ஆர்.எஸ். (வாயால் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) போதும் என்றால், “எனக்கு முப்பது வருட அனுபவம்” என்கிறார் மூத்த மருத்துவர். ஆதாரம் காட்டியும் அசையவில்லை. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மருத்துவருக்கு,

என் மகளின் கை நினைவுக்கு வந்தது. இரண்டு வயதில் நரம்பு கிடைக்காமல் நான்கு இடங்களில் குத்தினார்கள். பக்கத்து மேஜையில் அவள் பாதி குடித்த தண்ணீர் டம்ளர் இருந்தது. அவளால் குடிக்க முடிகிறதே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் உங்கள் மூத்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலராவில் கண் செருகிக் கிடந்தவர்களை எழுப்பி உட்காரவைத்தது நரம்பில் ஏற்றும் உப்புநீரான சலைன்தான். அதைப் பார்த்தவர்களிடம் பாடம் படித்தவர் அவர். ஒரு பொட்டலம் உப்பும் சர்க்கரையும் அதற்கு ஈடு என்றால் மனம் எளிதில் ஒப்பாது.

1971-ல், கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்க ஊரான போன்காவில் மருத்துவர் திலீப் மகலனாபிஸும் சலைனோடுதான் தொடங்கினார். இரண்டு அறைகளின் தரை முழுக்க காலரா நோயாளிகள். வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும். அதை ஏற்றத் தெரிந்தவர்கள் குழுவில் இரண்டே பேர். சலைனும் போதவில்லை. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு எனக் கரைத்து டிரம்களில் வைத்தார். உறவினர்களே மொண்டு வந்து புகட்டினார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 ஆகக் குறைந்தது. அப்போதும் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது, பின்னாலேயே தண்ணீர் போகிறது என்ற குடலின் கணக்கு முன்பே தெரிந்திருந்தும் இந்தத் தயக்கம்.

வங்கதேசத்தில் அந்தக் கரைசலை ‘ஓர்சலைன்’ என்கிறார்கள். மக்கள் நம்பிய சலைன் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. நீங்களும் தாயிடம், “இதுவும் குளுக்கோஸ்தான் அம்மா, வாய் வழியாக ஏற்றுகிறோம்” என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல.

மூத்தவரிடம் இனி ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுபோகாதீர்கள். மயங்கிய குழந்தைக்கும், குடிக்கவே முடியாத குழந்தைக்கும் டிரிப்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். குடிக்கிற குழந்தை ஒன்றை மட்டும் நான்கு மணி நேரம் உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்குங்கள். தாய் ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கட்டும். வந்தபோது இருந்த எடை, பிறகு இருந்த எடை, சிறுநீர் போன நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். பிறகு அவரையே கூப்பிட்டு, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று அறிய, குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது வருடமாக அவர் நம்பி வந்த விரல்கள் அவை.