படுக்கையில் இருக்கும் நோயாளியின் அறைக்கு ஓவியம் வரையும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தூரிகையை எடுக்கும் முன் அந்தக் கட்டிலில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்திக்கொண்டு, கண் இயல்பாக எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் நடப்பவர் பிடிக்காத படத்தைக் கடந்துபோய்விடுவார். படுத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை, நாள் முழுக்க அதைத்தான் பார்த்தாக வேண்டும்.

எதை வரைவது என்பதற்கு ஓர் ஆய்வு வழிகாட்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார். பாதிப் பேருக்குச் சன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அது சன்னல், ஓவியம் அல்ல. அதனால் படம் குணமாக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனாலும் இலை அடர்ந்த மரம், அலையில்லாத நீர், பகல் வெளிச்சம், முடிவுவரை கண்ணுக்குத் தெரிகிற பாதை ஆகியவற்றை நம்பி வரையலாம்.

பலர் தவறுவது தெளிவின்மையில். பயமும் வலியும் உள்ள மனம், புரியாத வடிவத்துக்குத் தன் பயத்தையே அர்த்தமாகக் கொடுக்கும். வீரியமான வலிமருந்து எடுப்பவருக்குச் சிறு கரும்புள்ளிகள் பூச்சிகளாக ஊரலாம், இருண்ட வாசலில் ஆள் நிற்பதுபோலத் தோன்றலாம், சுழல் கோடுகள் குமட்டலைக் கூட்டலாம். சிவப்புத் தீற்றல் ரத்தமாகவே படலாம். படத்தைக் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுத்து, மங்கலாக்கி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் வரையாத முகம் ஒன்று தெரிந்தால் அந்த இடத்தை மாற்றி வரையுங்கள்.

அந்தத் தூரத்தில் 40 செ.மீ. படம் அஞ்சல்தலைபோல ஆகிவிடும். 90 × 60 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். தொடுவானத்தைக் கீழ் மூன்றிலொரு பங்கில் வையுங்கள், மேலே வைத்தால் நிலம் படுத்திருப்பவர்மேல் சரிந்து வருவதுபோல இருக்கும். தாலோ பச்சை என்ற அடர்ந்த, கூர்மையான பச்சைச் சாயத்தைக் குழாயிலிருந்து அப்படியே பூசினால் எல்இடி வெளிச்சத்தில் நஞ்சுநிறமாகத் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சள் கலந்த பச்சை அடங்கியிருக்கும். எதுவானாலும் அந்த அறை விளக்கின் கீழேயே நிறத்தைச் சரிபாருங்கள்.

இனி, எந்தப் பொருள்களில் வரைவது, எதைப் போட்டு மூடுவது என்பது. நல்ல படங்கள் பெரும்பாலும் இங்கேதான் வீணாகின்றன. எண்ணெய்ச் சாயம் வேண்டாம், வாடை நெடுநாள் போகாது. கித்தான் துணியின் இழைகளில் அழுக்கு தங்கும், ஆகவே பலகையே நல்லது. அக்ரிலிக் சாயம் ஆல்கஹால் பட்டால் இளகும், கிருமிநாசினித் துணியோடு நிறமும் வந்துவிடும். படத்தின்மேல் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு போட்டாலும், ஆல்கஹால் பட்டுப்பட்டுத் துளையிட்ட இடங்களிலிருந்து நுண்விரிசல் ஓடும். வரைந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டு, பளபளப்பில்லாத லேமினேஷன் போட்டு மாட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். அதிலும் ஒரு துண்டை முதலில் சோதியுங்கள்: அந்த வார்டில் பயன்படுத்தும் அதே திரவத்தால் 50 முறை துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டு, பிசுபிசுக்கிறதா, ஓரம் பிரிகிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது மேல்விளிம்பை ஐந்து பாகை முன்னால் சாய்த்தால் கூரைவிளக்கின் கண்கூச்சம் குறையும். ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள், நான்கு மூலையிலும் திருகாணி இறுக்குங்கள்.