கீபோர்டில் கை வைக்க எந்த வயது?

தொடக்கப் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியையிடம் பெற்றோர் கேட்டவை.

டீச்சர், என் மகளுக்கு நாலரை வயது. டைப்பிங் கிளாஸில் சேர்க்கலாமா? (மதுரை)

இப்போது வேண்டாம்மா. இந்த வயதில் சுண்டுவிரலை மட்டும் மடக்கச் சொல்லிப் பாருங்கள், மோதிர விரலும் சேர்ந்தே மடங்கும். அந்தக் கையை வைத்து டைப்பிங் பழக்கினால் அழுகைதான் மிச்சம். களிமண் பிசையட்டும், கத்தரிக்கோலால் காகிதம் வெட்டட்டும். கணினியைத் தொட ஆசைப்பட்டால் குழந்தைகளுக்கான வரைதல் மென்பொருளான டக்ஸ் பெயின்ட் போட்டுக் கொடுங்கள். இலவசம், படம் வரைந்தபடியே மவுஸ் பிடிக்கப் பழகிவிடுவாள். 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. டிவி, போன் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அப்புறம் எப்போதுதான் தொடங்குவது? (திருச்சி)

மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ தொடங்கலாம். எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வர வேண்டும், கையும் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்ற காமன் கோர் என்ற பாடத்தர வரையறையும் நான்காம் வகுப்பில்தான், ஒரே மூச்சில் ஒரு பக்கமாவது டைப் செய்ய வர வேண்டும் என்கிறது.

எஃப், ஜே இரண்டு கீயிலும் சின்ன மேடு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரல்களால் அதைத் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதல் வாரத்துக்கு இந்த விளையாட்டே போதும். பிறகு கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு நடு வரிசையைப் பழக்குங்கள். தினமும் பத்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்து உட்கார வைப்பதில் பலனில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த அப்பாக்கள் மட்டும் தயவுசெய்து வேகத்தைக் கணக்குப் போடாதீர்கள்!

கையெழுத்து கெட்டுப்போகாதா?

பத்து நிமிஷத்தில் கெடாது. பின்லாந்தில்கூட 2016-ல் எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கர்சிவின் கட்டாயத்தைத்தான் எடுத்தார்கள். கையால் எழுதுவதை நிறுத்தவில்லை.

தமிழ் டைப்பிங் எப்படி, டீச்சர்? நாங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தமிழ் வரவழைக்கிறோம். (கோவை)

பெரியவர்களுக்குச் சரி. 'அம்மா'வை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிக் குழந்தை தமிழ் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டு அமைப்பு இருக்கிறதே! உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். ஏ, கே, கே, கியூ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டும்போது முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடுகிறது. 'அக்கா', 'அப்பா' என்று வீட்டு ஆட்களிலிருந்தே தொடங்கலாம். ஆங்கில கீ இடங்கள் விரலுக்குப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் திணிக்க வேண்டாம்.

பையனுக்குப் பதினொன்று. இரண்டே விரலில் பறக்கிறான். விட்டுவிடவா? (சேலம்)

மாற்றுங்கள், ஆனால் கோடை விடுமுறையில். முதல் சில வாரம் வேகம் குறையும், எரிச்சல்படுவான். பள்ளி வேலை இருக்கும்போது அது தாங்காது.

எங்கள் வீட்டில் கணினி இல்லை, போன்தான். (விருதுநகர்)

போனில் கட்டைவிரலால் அடிப்பது டைப்பிங் பயிற்சி ஆகாது. சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒன்று வாங்கி, போனின் சார்ஜர் துளையில் யுஎஸ்பி கருவிகளை இணைக்க உதவும் ஓடிஜி கேபிள் வழியாக ஆண்ட்ராய்டு போனில் செருகிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். போனை எதிரே புத்தகத்தின் மேல் சாய்த்து வையுங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி, நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உட்கார வையுங்கள்.