பத்திரத்தில் எழுதிய நிபந்தனை யாரைக் கட்டும்? – சட்டக் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தை எங்கள் மனையின் பின்பாதியை விற்றபோது, எங்கள் வீட்டுச் சன்னல்களையொட்டிப் பத்தடி அகலத்துக்குக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று கிரயப் பத்திரத்தில் எழுதினார். வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார். புதியவரோ, "அந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லையே" என்கிறார். அவரைத் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு, பெற்றவர் அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று விதிப்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 11ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் விற்றவர் தம் கையில் வைத்துக்கொண்ட பக்கத்துச் சொத்தின் நல்ல அனுபவத்துக்காக விதித்த நிபந்தனைக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. உங்கள் சன்னல்கள் அந்த விலக்குக்குள் வருகின்றன. அடுத்து வாங்கியவரை அது கட்டுமா என்பதை 40ஆம் பிரிவு சொல்கிறது: நிபந்தனையை அறிந்து வாங்கியவரும் விலை கொடுக்காமல் பெற்றவரும் கட்டுப்பட்டவர்கள், அறியாமல் விலை கொடுத்து வாங்கியவர் கட்டுப்பட்டவர் அல்லர். இந்தக் கொள்கை இங்கிலாந்தில் 1848இல் தீர்ப்பான டல்க் எதிர் மாக்ஸ்ஹே வழக்கில் நிலைபெற்றது. லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தைக் கட்டடமில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அறிந்தே வாங்கியவர், முதல் பத்திரத்தில் தாம் தரப்பினர் அல்லர் என்று வாதிட்டும் தப்பவில்லை. பதிவான பத்திரத்தில் இருப்பதை, பின்னால் வாங்குபவர் அறிந்தவராகவே 3ஆம் பிரிவு கருதுவதால், "தெரியாது" என்ற வாதமும் எளிதில் எடுபடாது. சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு, அஸ்திவாரம் தோண்டும்போதே உறுத்துக்கட்டளை (கட்டுமானத்தைத் தடுக்கும் நீதிமன்ற ஆணை) கோருங்கள். சுவர் எழும்பிய பிறகு போனால் இழப்பீட்டோடு திருப்தியடைய நேரிடலாம்.

கேள்வி: விற்கும்போது, "எங்கள் வம்சத்தாரைத் தவிர வேறு எவருக்கும் விற்கக் கூடாது" என்று எழுதிக்கொள்ளலாமா?

பதில்: எழுதலாம், பெரும்பாலும் பயனில்லை, மறுவிற்பனையை அடியோடு தடுக்கும் நிபந்தனை 10ஆம் பிரிவின்படி செல்லாது.

கேள்வி: வேலையை விட்டபின் ஓராண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். பயப்பட வேண்டுமா?

பதில்: அந்தப் பகுதிக்குப் பயம் வேண்டாம். ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. இங்கிலாந்தில் போல, தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று நம் நீதிமன்றங்கள் அளந்து பார்ப்பதில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைப் பிணைத்த ஷரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பணியில் இருக்கும் காலத்துத் தடையும், தொழில் இரகசியம் காக்கும் கடமையும் வேறு, அவை செல்லும். குறைந்தபட்சப் பணிக்கால பாண்டையும் இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், ஏனெனில் மூன்றாண்டு முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

கேள்வி: என் காலி மனையைக் குத்தகைக்கு எடுத்தவர், ஒப்பந்தத்தை மீறி உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார். மாதக் குத்தகைப் பணம் மட்டும் தவறாமல் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பணத்தை வாங்குவதை நிறுத்துங்கள். மீறினால் மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால்தான் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 111ஆம் பிரிவின்படி குத்தகை பறிபோகும். அதற்கும் எழுத்து மூலமான அறிவிப்பு தர வேண்டும். மீறல் தெரிந்த பின்னும் புதிதாகச் சேரும் குத்தகைப் பணத்தைப் பெற்றுக்கொண்டால் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக 112ஆம் பிரிவு கொள்ளும். வெளியேற்ற வழக்குத் தாக்கல் செய்த பிறகு வாங்கும் பணத்துக்கு இந்த ஆபத்து இல்லை.